படுக்கையருகே பதினோரு இலைகள்

எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து கதவருகே போய் நிற்கிற ஆள். விழுப்புரத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போவேன். ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றுவேன். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர் வேலை. வரப்பில் நடந்து, விவசாயிகளோடு சத்தம் போட்டு, செருப்பெல்லாம் சேறாகச் சாயங்காலம் வீடு திரும்புகிற என்னைப் பார்த்து, "இனிமே நீங்க படுத்தேதான் இருக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

அது என் மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார்கள். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, படி இறங்கக் கூடாது. பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். எட்டாம் மாதம் முடியும்வரை குழந்தையை உள்ளே வைத்திருக்க வேண்டும். அதுவரை எனக்கு யாரும் அவ்வளவு கஷ்டமான வேலை கொடுத்ததில்லை.

எங்கள் வாடகை வீடு மாடியில், ரயில்வே கேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் நான் போக வேண்டிய ரயில் கூவிக்கொண்டு போகும். போர்வைக்குள் என் கால் கட்டைவிரல் தானாக ஆடும். முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் வந்தவர்களின் உயிரை வாங்கினேன். ஃபேன் சத்தம் போடுகிறது, தலையணை உயரம், சாம்பாரில் உப்பு இல்லை, ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு. என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நாலு திட்டு வாங்கிவிடுவார். பாவம், நல்ல மனுஷன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு வந்தார்.

"இன்னாங்க இது?"

"செடி மா. வர வழில கூட்டேரிப்பட்டாண்ட ஒருத்தர் வண்டில வச்சி வித்துக்கினு இருந்தாரு. ரூமுக்குள்ளயே வளருமாம். சாயங்காலம் ஆனா எலய மேல தூக்கிக் கைகூப்பி ஜெபம் பண்ணுமாம்."

"நான் மல்லாட்டைக்கும் கேப்பைக்கும் யோசனை சொல்ற ஆளு. எனக்கு எதுக்குங்க இந்த ஷோகேஸ் செடி?"

"சும்மா பாத்துக்கினு இரு. உன்கிட்ட திட்டு வாங்க நான் ஒருத்தன் பத்தல."

என் கட்டிலுக்கு எதிரே, ஜன்னலை ஒட்டி, ஒரு ஸ்டூலின் மேல் அதை வைத்தார். கலாத்தியா என்று அந்த வண்டிக்காரர் பெயர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளிர்பச்சை இலையின் நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் கரும்பச்சைக் கோடுகள், யாரோ உட்கார்ந்து தூரிகையால் வரைந்தமாதிரி. ஆனால் படுத்திருப்பவளுக்கு இலையின் மேல்பக்கம் சரியாகத் தெரியாது. அடிப்பக்கம்தான் தெரியும். அது கத்தரிக்காய் நிறம். எண்ணிப் பார்த்தேன். பதினோரு இலைகள்.

பிடிக்காமல்தான் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் இலைகள் விரிந்து தட்டையாகக் கிடக்கும். மூன்று மணிக்குமேல் காம்புகள் மெல்ல நிமிரத் தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் பதினொன்றும் செங்குத்தாக நின்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அசைவது கண்ணுக்குத் தெரியாது. சற்றுத் திரும்பிப் படுத்துவிட்டுப் பார்த்தால் இடம் மாறியிருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு தொட்டிச் செடிக்கு இருக்கிற சுதந்திரம் எனக்கு இல்லையே என்று நிஜமாகவே கோபப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை விட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். ஒன்பது மணிக்கு இலைநுனி இங்கே, நாலு மணிக்கு இங்கே, ஆறரைக்கு இங்கே. வீட்டு ஓனர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று அவர் முனகிக்கொண்டே போட்டார்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கோலியனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, இரண்டு புடவையும் ஜெபமாலையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி என்னைப் படிக்க வைத்தவள். அவளுக்கு மாடி வீடு ஜெயில். ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்கினாள். துவைத்ததையே துவைத்தாள். பால்கனியில் நின்று கீழே போகிறவர்களிடம் ஊர் பேர் விசாரித்தாள். என் இருப்புக் கொள்ளாமை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சந்தேகம் வர வேண்டியதில்லை.

அம்மாவுக்குச் செடியைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. "ஜெபம் பண்ற செடிடி. இன்னா பக்தி பாரு. உனுக்கு அதுல பாதி இருந்தா போதும்" என்றாள்.

தினமும் ஏழு மணிக்கு மாதா படத்தின் முன் ஜெபமாலை. அம்மா சொல்லச் சொல்ல நான் படுத்தபடியே பதில் ஜெபம் சொல்வேன். முடிந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தில் மந்திரித்த தண்ணீர் எடுத்து வந்து, வாசலிலும் ஜன்னலிலும் தெளித்துவிட்டு, கடைசியில் என் நெற்றியிலும் வயிற்றிலும் தெளிப்பாள். கிண்ணத்தில் மிஞ்சியதை சிங்க்கில் ஊற்றக் கூடாது. மந்திரித்தது சாக்கடைக்குப் போகக் கூடாது, கால் படாத மண்ணில்தான் சேர வேண்டும். ஊரில் அதற்கு வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் இருந்தது. இந்த மாடி வீட்டில் மண் என்று இருந்தது என் செடித் தொட்டியில் மட்டும்தான். என் கண்ணெதிரே தினமும் அதில்தான் ஊற்றினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு மத்தியானம் லேசாக ரத்தம் பட்டது. ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் கவனமாக இருங்கள் என்று அனுப்பினார்கள். மறுநாள் காலை அம்மா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். அன்றிலிருந்து அவள் ஜெபம் நீண்டது. கிண்ணமும் பெரிதானது.

நானும் அன்றிலிருந்துதான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் தொடங்கினேன். இந்தப் பதினோரு இலைகளும் நிற்கும்வரை குழந்தையும் நிற்கும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, எங்கும் படிக்கவில்லை. நானே முடிவுசெய்தேன். அறிவியல் படித்தவள், விவசாயி நல்ல நேரம் பார்த்து விதைக்கிறேன் என்றால் கேலி செய்பவள். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் எண்ணினேன். பதினொன்று. சாப்பிட்டதும் எண்ணினேன். பதினொன்று. யாரிடமும் சொல்லவில்லை. எண்ணும்போது மட்டும் வாய் லேசாக அசைந்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து இலை ஓரம் பழுப்பானது. முதலில் நுனி, பிறகு ஓரமெல்லாம். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பது ஊரறிந்த விஷயம். அதனால் "குடிக்கிற கேன் தண்ணிதான் செடிக்கு ஊத்தணும்" என்று உத்தரவு போட்டேன். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் ஊற்றினார். ஸ்ப்ரே பாட்டில் வாங்கி வரச் சொல்லி மூன்று வேளை இலைமேல் அடிக்கச் சொன்னேன். ஸ்டூலை ஜன்னலிலிருந்து ஒரு அடி தள்ளினோம். பிறகு அரை அடி கிட்டே இழுத்தோம். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் கிடந்தேன். எதற்கும் பழுப்பு நிற்கவில்லை.

அந்த வாரம்தான் ஒலக்கூரிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "மேடம், மல்லாட்டை எல ஓரமெல்லாம் தீஞ்சிக்கினே வருதுங்க."

"போர் தண்ணி உப்பாயிருக்கும்ணே. நாக்குல வச்சிப் பாருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்து என் செடியைப் பார்த்தேன். கேன் தண்ணீர்தானே ஊற்றுகிறோம், இது உப்பு இல்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நேற்று பழுப்பாக இருந்த ஓரம் இன்று இல்லை. சுற்றிலும் பச்சை. ஆனால் இலை சிறுத்திருந்தது. இரண்டு நாளில் மறுபடி பழுப்பு. மறுபடி ஒரு மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் ஓரம் சுத்தமாகி இலை இன்னும் கொஞ்சம் சிறுத்திருக்கும். எண்ணிக்கை மட்டும் பதினொன்றுதான். இலை சுருங்கிப் பச்சையாகிற நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆபீஸில் கூட வேலை செய்கிறவளுக்குப் போன் செய்து கேட்டேன். "நீ ரெஸ்ட் எடு" என்றாள். என் வயிற்றுக்குள்ளும் அப்படியே ஏதோ சுருங்கிக்கொண்டு வருகிறது என்று தோன்றியது. ஆறாம் மாதம். குழந்தை புரண்டால் புரள்கிறதே என்று பயம், புரளாவிட்டால் புரளவில்லையே என்று பயம்.

ஒருநாள் ஜெபம் முடிந்து அம்மா தெளிக்க வந்தாள். நான் செடியைப் பார்த்தபடி எரிச்சலில் கிடந்தேன். "கொஞ்சமா தெளிம்மா, தலைகாணி நனையுது" என்று வாயைத் திறந்து சொன்னேன். ஒரு துளி உதட்டில் பட்டு உள்ளே போனது.

உப்புக் கரித்தது.

"இன்னாம்மா போட்ட இதுல?"

"மந்திரிச்ச உப்புடி. உனுக்கு ரத்தம் பட்டுச்சே, அதுக்கப்பறம் கோயில் சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சி வாங்கியாந்தேன். தெனமும் ஒரு கை போடறேன்."

ஒரு கை. தினமும் ஒரு கை உப்பு, ஒரு தொட்டி மண்ணில். ஒரு மாதத்துக்கு மேலாக. எனக்கு முதலில் என்மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். அடுத்தவர் வயலில் இலையைப் பார்த்தவுடன் சொல்கிறவள், என் கட்டிலுக்கு எதிரே நடந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கோபம் அம்மாவின் மேல் பாய்ந்தது. என்னென்னவோ கத்தினேன். அவள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"ரெண்டாவது உன் வீட்லதான் போச்சு. இதையும் நீயே அழிச்சிடுவ."

இரண்டாவது கர்ப்பத்தில் ஒரு திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தபோதுதான் கலைந்தது. நான் மயங்கிவிட்டேன். யாருடைய வேனிலோ என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், ரத்தம் ஏற்றினார்கள் என்றெல்லாம் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. குழந்தை போனது மட்டும்தான் எனக்கு நினைவு. வீட்டுக்காரரின் உறவில் ஒரு அத்தை, "பொறந்த வூட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது" என்று அம்மாவின் காதுபடச் சொன்னபோது அந்த அம்மாளோடு சண்டைக்குப் போனவள் நான். இப்போது அதையே நான் சொல்லியிருந்தேன்.

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்ததை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போய்விட்டார். அம்மா காய் வாங்கக் கீழே இறங்கினாள். எனக்குச் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள். நான் எழுந்தேன். ஸ்டூல் அருகே போய் முதல்முறையாகத் தொட்டியை மேலிருந்து பார்த்தேன். மண்ணின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. உப்பேறிய மண்ணுக்கு ஒரே வழிதான். நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, அடியில் இருக்கிற ஓட்டை வழியாக உப்பைக் கரைத்து வெளியே விட வேண்டும். அம்மா வந்ததும் அவளிடம் சொல்லியிருந்தால் செய்திருப்பாள். ஆனால் அவளிடம் பேச முகம் இல்லை. அதுவரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன்.

ஈர மண் கனம். எட்டு அடி தூரம் பாத்ரூமுக்கு. தரையில் வைத்துக் குனிந்து, கேனிலிருந்து பிடித்துவந்த தண்ணீரை மக்கால் ஊற்றினேன். அடியிலிருந்து கலங்கலாக ஓடியது. இன்னொரு மக். இன்னொரு மக். மூன்று மாதத்தில் நான் செய்த முதல் வேலை அது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. ஆனாலும் இருந்தது. ஏழாவது மக்கிலோ எட்டாவதிலோ அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. கையிலிருந்த மக் விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். மறுபடி இழுத்தது. நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. நேற்று அம்மாவைச் சொன்னேன். இன்று அதை என் கையாலேயே செய்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து பார்த்தாள். காய்ப்பை அங்கேயே விழுந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. "கம்முனு படு, அப்படியே படு" என்று என்னை ஈரத் தரையிலேயே சாய்த்துத் தலைக்குத் தன் மடியைக் கொடுத்தாள். பிறகு பால்கனிக்கு ஓடித் தெருவே அதிரக் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

தையல் பிடித்திருந்தது. குழந்தையின் இதயம் திடுதிடுவென்று ஸ்கேன் மெஷினில் கேட்டது. டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டில் பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட அமைதியாகிவிட்டார்கள். இனிமேல் பிரசவம்வரை ஆஸ்பத்திரியிலேயே இரு என்று சொல்லிவிட்டார். விழுப்புரத்திலேயே, என் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில், இரண்டு மாதம் கிடந்தேன்.

அங்கே மூன்றாம் நாள், எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா சொன்னாள். "அந்த எலய நான்தான் வெட்டனேன்."

"எந்த எலய?"

"நீ தூங்கக்கொள்ள, ஜாக்கெட் தைக்கிற கத்திரிய வச்சி ஓரமா வெட்டி உட்டேன். நீ தெனமும் எண்ணிக்கினு இருந்தியே. எல காஞ்சா நீ பயந்துக்குவன்னு தெரியும். எனுக்கு வாசிக்கத் தெரியாதே தவுர, வாயசைவு தெரியாதா?"

ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஆறிடும், ஜல்தி குடி" என்று ஸ்பூனை மறுபடி எடுத்துக்கொண்டாள். கேட்க விடவில்லை. அதற்குப் பிறகு கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

செடி பிழைத்தது. பாதி இலைகள் உதிர்ந்து, வேரிலிருந்து புதுக் குருத்து விட்டிருக்கிறது என்று வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வந்து காட்டினார். நன்றாயிருக்கிறது என்றேன். எத்தனை இலை என்று எண்ணவில்லை.

எட்டாம் மாதம் முடிந்து நாலு நாளில், ஒரு காலை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. நினைவு முழுக்க இருந்தது. பெண் குழந்தை. அழுதாள். என் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிக் காட்டிவிட்டு, வெளியே இருப்பவர்களிடம் காட்ட நர்ஸ் தூக்கிக்கொண்டு போனார். தியேட்டர் கதவு முழுக்க மூடவில்லை. வீட்டுக்காரர் விம்முவது கேட்டது. பிறகு நர்ஸின் குரல்.

"பாட்டிம்மா, பேத்திய பாருங்க. இந்தப் பக்கம் பாருங்க."

"அத அவரு பாக்கட்டும் சிஸ்டர். எம்பொண்ணு எப்படிக்கீறா? கண்ண தொறந்தாளா? பேசறாளா?"

"நல்லா இருக்காங்கம்மா. முதல்ல கொழந்தைய..."

"கொழந்த இருக்கட்டும்மா. போன தபாவும் நல்லாகீறான்னுதான் சொன்னாங்க. ரெண்டு நாளு கண்ணு தொறக்கல அவ. நான் உள்ள வந்து ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன். எம்பொண்ணுக்காகத்தாம்மா இத்தினி நாளா வேண்டிக்கினு இருந்தேன்."

"இருக்கேம்மா!" என்று படுத்தபடியே கத்தினேன். "நான் இருக்கேம்மா!" தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, அசையாமல் இரு என்று அதட்டினார். வெளியே அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன்.